பதியப்படாத நிழல்

தம்பானூர்ப் பதிப்பக அறையில் மூவர்: பதிப்பாளர் மகேஷ்குமார், கவிதைகளை மலையாளமாக்கும் சுஜா, முகாமிலிருந்து வந்த ஈழத்துக் கவிஞர் தவமலர். மேசைமேல் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. ‘அகதியென்று என்னைப் பதிந்தார்கள், என் நிழலைப் பதியவில்லை. அது ஊரிலேயே வெயில் காய்கிறது.’ சுஜா தவமலரின் அந்த வரிகளை மறுபடி படிக்கிறாள். தன்னையே இவ்வளவு சுத்தமாக இரண்டாகப் பிளந்து வைத்தவரை அவள் பார்த்ததில்லை. “நிழலெல்லாம் ஆரு வாங்கிப் படிப்பா சேச்சி? ரெண்டு கரைக்கும் பாலம்னு மாத்துங்க. இல்லேன்னா தொகுப்புல சேர்க்க முடியாது” என்கிறான் மகேஷ்குமார். “பாலமெண்டா எல்லாரும் மிதிச்சுக்கொண்டு போவினம், தம்பி.” தவமலர் தாளை மடித்துக்கொண்டு எழுகிறாள். சுஜாவும் பேனாவை மூடி, தான் மொழிபெயர்த்த மற்றத் தாள்களை மேசையிலேயே விட்டுவிட்டு அவளோடு வெளியேறுகிறாள். வராந்தா வெயிலில் இரண்டு நிழல்கள் நீள்கின்றன. பின்னால் மகேஷ்குமார் கதவைச் சாத்தி, உள்ளே பூட்டிக்கொள்கிறான்.