தனி வாசிப்பு

"கேட்டியா அந்தச் சத்தத்தை?" இசைக்குழுவின் ஒத்திகையைப் பார்த்துக்கொண்டிருந்த அரங்க மேலாளர், போனில் மனைவியிடம் கிசுகிசுத்தார். "பாவம் அந்தப் பொண்ணு, வீல்சேரை உருட்டினாலே கிரீச்சுங்குது. எல்லாப் பசங்களும் வாசிக்கறதை நிறுத்திடறாங்க. கண்ணு தெரியாத டிரம்ஸ் பையன்கூட அவ பக்கம் திரும்பறான்!"

"உங்க புது ஷூ கத்தறதைவிடவா?" என்றாள் மனைவி.

மேலாளர் போனை வைத்துவிட்டார்.

இடைவேளையில் அந்தப் பெண் சோபாவுக்கு மாறிக் கண்ணயர்ந்தாள். அவர் காதும் காதும் வைத்தாற்போல் சக்கரங்களுக்கு எண்ணெய் போட்டார்.

மாலையில் அரங்கம் நிறைந்திருந்தது. வயலின்கள் அடங்கின, டிரம்ஸ் நின்றது. அவள் மேடையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு உருண்டு வந்தாள். பொட்டுச் சத்தமில்லை. மேடையோரம் நின்ற மேலாளர் பூரித்துப் போனார்.

பக்கத்தில் இசையமைப்பாளர் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஐயோ, அந்தக் கிரீச்சுதான் சார் அவளோட தனி வாசிப்பு! நவீன இசை சார் இது. மாசக்கணக்கா எண்ணெயே காட்டாம பழக்கி வெச்சிருந்தோம். எவன் பார்த்த வேலை இது?"

மேலாளர் கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டார். நழுவிவிடலாமென்று ஓரடி எடுத்து வைத்தார்.

கிரீச்!

டிரம்ஸ் பையன் சட்டென்று திரும்பினான். அவளும் திரும்பினாள். நேராக வந்து மேலாளரின் கையைப் பிடித்தாள். கழுவியும் போகாத எண்ணெய்ப் பிசுபிசுப்பு. அவளுக்குப் புரிந்துவிட்டது.

"வாங்க சார்," என்று மெல்லச் சொல்லி மேடைக்கு இழுத்தாள். "நான் கையைத் தூக்கினா நடங்க, இறக்கினா நில்லுங்க. இன்னும் பத்து நிமிஷம் வாசிக்கணும்."