பத்துக்கு ஏழு

"இன்னிக்கும் ஏழுன்னு சொன்னியானா ஊசிதான், ஆமா! போன தபாவே டாக்டரம்மா சொல்லிட்டாங்க!"

டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே மனைவியை மிரட்டினார் முனிகிருஷ்ணன். திருப்பதியில் முடக்குவாதத்துக்கென்றே இருக்கிற ஆஸ்பத்திரி. பிச்சாட்டூரிலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள், மதியமாகியும் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

"கேட்டா, இருக்கறதைத்தானே சொல்ல முடியும்?" என்றாள் தேவசேனா.

"ஒண்ணுன்னு சொல்லேன்! மாத்திரையைக் கொறைப்பாங்க. மலைக்கு நடந்தே ஏறலாம். சரி, துன்னு. நானே கிண்டின களி. தொட்டுக்க புளிச்சக்கீரை. நம்ம ஊர்ல எந்த ஆம்பள செய்வான், சொல்லு?"

ஒரு வாய் வைத்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

முனிகிருஷ்ணன் அவள் முகத்தையே பார்த்தார். பாழாய்ப்போன நோய், தாடையையும் விடவில்லையா?

அந்த நேரம் பார்த்து நர்ஸ் வந்தாள். பூஜ்யத்திலிருந்து பத்து வரை கோடு போட்ட அட்டையை நீட்டி, நோவு எவ்வளவு என்று தெலுங்கில் கேட்டாள்.

"பாத எந்த உந்தம்மா?"

தேவசேனா களியை விழுங்கினாள். தண்ணீர் குடித்தாள். அட்டையில் விரலை வைத்தாள்.

ஏழு!

"போச்சுடா!" என்று தலையில் கைவைத்தார் முனிகிருஷ்ணன்.

உள்ளே, டாக்டர் சுமித்ரா ஒவ்வொரு மூட்டாக அழுத்திப் பார்த்தார். வீக்கம் இல்லை. அழுத்தினால் நோகவில்லை. ரத்த ரிப்போர்ட்டும் சுத்தம். அட்டையைப் பார்த்ததும் மட்டும் புருவம் ஏறியது.

"உங்க மூட்டு நல்லாருக்குன்னு சொல்லுது. ரத்தமும் சொல்லுது. ஆனா நீங்களும் சொல்லணும்மா. உங்க நம்பர் இறங்கினாத்தான் நோய் அடங்கிடுச்சுன்னு நான் எழுத முடியும். ஏழுலயே நிக்கிறீங்களே! ஊசி ஆரம்பிச்சுடலாமா?"

"அவளுக்குச் சொல்லத் தெரியலீங்க டாக்டரம்மா!" முனிகிருஷ்ணன் முந்திக்கொண்டார். "துன்னும்போதுதான் ரொம்ப நோவுது. மூஞ்சே சுருங்கிப்போவுது. தாடையைக் கொஞ்சம்..."

"ஐயா, நீங்க கொஞ்சம் வெளியே இருங்க. அவங்க சொல்லட்டும்."

வெளியே வந்தவர் நகரவில்லை. திரைத்துணியில் காதை ஒட்டவைத்து நின்றார்.

"இப்ப சொல்லுங்கம்மா. நோவு எவ்வளவு?"

"நோவா? அது பூஜ்யம்தாங்க. எப்பவோ ஓடிப்போச்சு."

முனிகிருஷ்ணன் துள்ளினார். பூஜ்யம்! கோவிந்தா! ஊசி இல்லை!

"அப்புறம் இந்த ஏழு?"

"நர்ஸம்மா 'பாத'ன்னுதான கேட்டாங்க? எங்க ஊர்ல பாதன்னா மனக்கஷ்டங்க."

டாக்டர் ஒரு நொடி திகைத்தார். "அடக் கடவுளே! தெலுங்குல நோவும் பாததான், மனக்கஷ்டமும் பாததான். இத்தனை நாளும் நீங்க வேற கேள்விக்கா பதில் சொல்லிக்கிட்டிருந்தீங்க?"

அறைக்குள் நாற்காலி நகரும் சத்தம். டாக்டரின் குரல் தணிந்தது.

"சரி... பத்துக்கு ஏழு அளவுக்கு உங்களுக்கு என்ன கஷ்டம்? யாரால?"

முனிகிருஷ்ணனின் காது திரையோடு ஒட்டிக்கொண்டது. யார் அது? தம்பி பெண்டாட்டியா? பக்கத்து வீட்டுக்காரியா? யாராயிருந்தாலும் இன்றைக்கு ஊர் திரும்பியதும் உண்டு இல்லை என்று...

"எங்க வூட்டுக்காரராலதாங்க."

டிபன் பாக்ஸ் மூடி கைநழுவிப் பெஞ்சுக்கடியில் உருண்டது.

"அடிக்கிறாரா? பயப்படாம சொல்லுங்க. குடிக்கிறாரா?"

"ஐயோ சாமி, தங்கமான மனுசன்!" தேவசேனா பதறினாள். "எனக்கு நோவு வந்த நாள்லேர்ந்து அடுப்பாண்ட வுடறதேயில்ல. 'நீ உக்காரு, உனக்குக் கை நோவும்'னு எல்லாம் அவரே ஆக்கறாரு. அதை மூணு வேளையும் துன்றது யாருங்க? நான்தான!"

உள்ளே சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது. "அவ்வளவு மோசமாம்மா?"

"பத்துக்குப் பத்துங்க. பாவம், ஆசையா ஆக்கறாரேன்னு நான்தான் மூணைக் கழிச்சுட்டேன்!"