பிஷப் வந்த ஞாயிறு

"பிஷப்புக்கு மொட்டைக் கடுதாசி போட்டவன் எவன்? கையில் கிடைச்சான்னா அன்னைக்கே டி.சி.!"

செஞ்சிக்கோட்டை அடிவாரத்துச் சின்னக் கத்தோலிக்கக் கல்லூரியின் முதல்வர் சிங்கராயர் சுவாமி, ஒரு வாரமாக இப்படித்தான் உறுமிக்கொண்டிருந்தார். விடுதிச் சோற்றில் புழு நெளிகிறதாம். 'மாணவர் வாழ்வு மேம்பாடு' என்று நாற்பது பக்க அறிக்கையை, விடுதிச் சமையலறைப் பக்கமே போகாமல் எழுதி அச்சடித்தவருக்குக் கோபம் வராதா?

ஞாயிறு காலை, பூசைக்கு முன் பாவசங்கீர்த்தனம் கேட்க உட்கார்ந்தார். தட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு குரல்.

"சாமி, கடுதாசி போட்டது நான்தான்."

அவரே பொறுக்கியெடுத்த மாணவர் தலைவன் சவரிநாதன்!

"படவா, உன்னை..." என்றவர் நிறுத்திக்கொண்டார். இங்கே கேட்டதைச் செத்தாலும் வெளியே சொல்லக்கூடாது. அதை வைத்து எதுவும் செய்யவும் கூடாது.

"அதுக்குத்தான் இங்க வந்து சொல்றேன். இன்னொரு பாவமும் இருக்குது சாமி."

சொன்னான். சுவாமிக்கு வேர்த்துக் கொட்டியது.

"செஞ்ச பாவத்துக்கு மனஸ்தாபப்படுறியா?"

"பிஷப் சாப்ட்டு எழுந்திருக்கட்டும், படறேன்."

மத்தியானம் பிஷப்புக்கும் சுவாமிக்கும் இலை போட்டார்கள். சுவாமி எழுதிக் கொடுத்த வரவேற்புரையைச் சவரிநாதன் கணீரென்று வாசித்தான்: "எங்கள் முதல்வரும் நாங்களும் உண்பது ஒரே சோறு!"

விடுதிப் பந்தியிலிருந்து, பிஷப்புக்கென்று வைத்த கறிக்குழம்பின் வாசனை வந்தது.

"ரொம்ப சந்தோஷம். நீங்களே முதல்ல ஆரம்பிங்க, ஃபாதர்" என்றார் பிஷப்.

சுவாமி தன் இலையைப் பார்த்தார். ஒரு பருக்கை மெல்ல நகர்ந்தது.