நாலாவது பட்டறை

"கண்ணாடி இறங்கலைன்னா விட்டுத் தொலையேன். ஒரு ஜன்னலுக்காக எவளாவது பட்டறை பட்டறையா அலைவாளா?" என்றார் எலிஜியோ, வண்டியை விட்டு இறங்காமலே.

"நீங்க பேசாம இருங்க," என்றாள் அவர் மனைவி சுனில்தா. "அந்தப் பக்கம் உக்காந்து வேகறது நீங்கதானே. இந்த ஜனவரிக் கோடை வெயில்ல ஆஸ்பத்திரி போய்ட்டு வர்றதுக்குள்ள அவிச்ச மரவள்ளியா ஆயிடறீங்க."

விதால் துணியில் கையைத் துடைத்தபடி வந்தான். இத்தாகுருபி ஊரில் கார் மின்சார வேலைக்கு அவனை மிஞ்ச ஆளில்லை. இதை யாரும் கேட்காமல் அவனே சொல்வான்.

"எத்தனை நாளாம்மா இப்படி?"

"எட்டு மாசம். மூணு பட்டறை பார்த்தாச்சு. கடைசியா உனக்கு எதிர்ல இருக்கிற பொர்ஃபீரியோகிட்ட விட்டேன். ரெண்டு நாள் வச்சிருந்துட்டு, எனக்குப் பிடிபடலைன்னு சாவியை நீட்டிட்டார்."

விதாலுக்கு வயிறு குளிர்ந்தது. தெருவுக்கு அந்தப் பக்கம் கேட்கும்படியே பேசினான்.

"அவருக்கு எப்படிம்மா பிடிபடும்? இது ஜப்பான்ல வலப்பக்கம் ஸ்டியரிங்கோட பிறந்த வண்டி. இங்க கொண்டாந்து இடப்பக்கம் மாத்தியிருக்காங்க. பட்டனெல்லாம் வலது இடதா, இடது வலதா மாறிக் கிடக்கும். பாதிப்பேர் தப்பான கதவுக்குப் போற வயரை நோண்டிட்டு உக்காந்திருப்பாங்க. நீங்க போய் தெரெரே மூலிகைத் தண்ணி குடிக்க ஐஸ் வாங்கிட்டு வாங்க. வர்றதுக்குள்ள இறங்கலைன்னா என் பேரை மாத்திக்கறேன்."

சுனில்தா சிரித்துக்கொண்டே கூஜாவை எடுத்துக்கொண்டு கடைப்பக்கம் போனாள்.

"வேண்டாம் தம்பி. விட்டுடு," என்றார் எலிஜியோ.

கட்டினவள் இவருக்காக நாயாய் அலைகிறாள், இந்த மனுஷனுக்குக் காசு போகிறதே என்று வயிற்றெரிச்சல். சரியான கருமி என்று நினைத்துக்கொண்டான் விதால்.

பட்டனை அழுத்தினான். வண்டிக்குள் எரிந்த விளக்கு துளியும் மங்கவில்லை. மோட்டார் இறுகிப்போயிருந்தால் மங்கியிருக்கும். ஆக, அதற்குக் கரண்டே போகவில்லை. கதவின் உள்பலகையைக் கழற்றி, பேட்டரியிலிருந்து நேராக மோட்டாருக்கு இரண்டு வயர் கொடுத்தான். கண்ணாடி சர்ரென்று இறங்கியது. வயரை மாற்றிக் கொடுத்தான். ஏறிக்கொண்டது.

"மோட்டார் நல்லாத்தான் இருக்கு ஐயா."



கதவுக்கும் வண்டிக்கும் நடுவில் வயர் போகும் ரப்பர் குழாயை உருவினான். பழைய வண்டியில் கதவைத் திறந்து மூடி வயர் ஒடிவது அங்கேதான். அங்கேதான் விட்டும் போயிருந்தது. ஆனால் ஒடிந்த வயர் பிசிறு பிசிறாக இருக்கும். இது கத்தியால் வெட்டியது. இரண்டு முனையிலும் கறுப்பு டேப் வேறு பக்குவமாகச் சுற்றியிருந்தது.

"பார்த்தீங்களா அநியாயத்தை? வேணும்னே வெட்டியிருக்கான். எல்லாம் அந்தப் பொர்ஃபீரியோ வேலை. அம்மா வரட்டும், ஊரைக் கூட்டிடறேன்."

"வெட்டினது நான்," என்றார் எலிஜியோ.

விதால் வயரைப் பிடித்தபடியே நிமிர்ந்தான்.

"ஆஸ்பத்திரிக்குப் போறப்ப பர்ரேரோ ஊரைத் தாண்டித்தானே போகணும்?"

விதாலுக்குத் தெரியாதா என்ன. பர்ரேரோவில் வேகத்தடைக்கு வேகத்தடை கூடையோடு சிப்பா விற்கிற பெண்கள் நிற்பார்கள். சீஸும் மரவள்ளி மாவும் பிசைந்து சுட்ட சூடான ரொட்டி. அந்த வாசனைக்குக் கண்ணாடியை இறக்காமல் அந்த ரோட்டில் எவனும் போனதில்லை.

"அவங்க வர்றது ரோட்டோரமா இருக்கிற என் ஜன்னலுக்குத்தான். எனக்கோ சர்க்கரை. திறந்திருந்தா கை தானா நீண்டுடும். அவ முதல்ல திட்டுவா. அப்புறம் என் மூஞ்சியைப் பார்த்துட்டு, பாவம்னு அவளே வாங்கிக் குடுத்துடுவா." கட்டுப் போட்ட காலைக் காட்டினார். "ரெண்டு விரலை எடுத்துட்டாங்க. தான் வாங்கிக் குடுத்துதான் போச்சுன்னு இன்னும் அழறா. ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னிக்கே வெட்டிட்டேன். இன்னொரு விரல் போனா அவ தாங்க மாட்டா தம்பி."

"அம்மாகிட்டயே சொல்லிடலாமே?"

"என் வீட்டுக்காரர் வாயைக் கட்டிட்டார்னு தெருவெல்லாம் பெருமை பேசறா. காகுபே மாதா கோயிலுக்கு நடந்தே போய் நன்றி சொல்லிட்டு வந்தா. அவகிட்டப் போய், மாதாவும் இல்லை, மன உறுதியும் இல்லை, வெறும் வயருதான்னு சொல்லவா?"

கருமி என்று நினைத்ததற்குத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது விதாலுக்கு. இரண்டு முனைகளுக்கும் புது டேப் சுற்றி, ரப்பருக்குள் தள்ளி, பலகையைப் பூட்டினான்.

சுனில்தா ஐஸோடு வந்தாள். "என்ன தம்பி, இறங்கிடுச்சா?"

எதிர்ப் பட்டறையில் பொர்ஃபீரியோவும் அவன் ஆட்களும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இல்லம்மா," என்றான் விதால். இருபது வருஷத்தில் அவன் வாயில் வராத வார்த்தை. "எனக்கும் பிடிபடலை."

"நல்லா பேசினே போ. இனிமே உன்னை என்ன பேர் சொல்லிக் கூப்பிடறதாம்?" என்று அலுத்துக்கொண்டே அவள் வண்டியைக் கிளப்பினாள். எலிஜியோ மூடின கண்ணாடி வழியாக ஒரு முறை தலையசைத்தார்.

எதிரே யாரோ சிரித்தார்கள். விதால் குனிந்து சாமான்களைப் பொறுக்கினான். பொர்ஃபீரியோ தெருவைத் தாண்டி வருவது தெரிந்தது. கேலி பேசத்தான் வருகிறான், பேசட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டான்.

பொர்ஃபீரியோ பக்கத்தில் உட்கார்ந்து, அவன் தோளில் கையைப் போட்டான்.

"வெட்டின வயரைக் கண்டுபிடிக்க எனக்கும் அரை மணிதான் ஆச்சு விதால்," என்றான் மெதுவாக. "எனக்குத் தெரியலைன்னு சொல்றதுக்குத்தான் ரெண்டு நாள் ஆச்சு."