நடுவில் ஒரு கைதட்டல்

சிம்பொனியின் முதல் பகுதி முடிந்து வியன்னா அரங்கமே மூச்சடக்கி இருந்தபோது, நின்று கேட்பவர்கள் வரிசையில் ஒரு பெரியவர் மட்டும் படபடவென்று கைதட்டினார்.

பக்கத்தில் நின்ற கிறிஸ்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இடைவேளையில் அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"முழுசும் முடிஞ்சாதான் தட்டணும். இதுகூடவா தெரியாது உங்களுக்கு?"

"தெரியும்மா. இதே மேடையில முப்பது வருஷம் வயலின் வாசிச்சிருக்கேன்."

"அப்புறம் எதுக்கு இந்தக் கூத்து?"

நிற்கும் இடத்தைப் பிடித்துவைக்க முன்னாலிருந்த கைப்பிடிக் கம்பியில் கட்டியிருந்த பூப்போட்ட மப்ளரை அவர் தடவினார்.

"என் பொண்டாட்டி இங்கேதான் நின்னு கேப்பா. சங்கீதம் ஒண்ணும் தெரியாது. பிடிச்சுப்போனா நடுவுலயே தட்டிடுவா. மானம் போகுதுன்னு ஒருநாள் கத்திட்டேன்."

"இன்னிக்கு அவங்க வரலையா?"

"போன வாரம்தான் அடக்கம் பண்ணினோம். அன்னிக்கு நான் கத்தினதுக்கப்புறம், கடைசிவரைக்கும் அவ எதுக்குமே கைதட்டல."