எதிரும் புதிரும்

“சிவப்பு ரோஜா நான் வளர்த்தது. வெள்ளை என் மாமியார் வளர்த்தது. ரெண்டும் முதுகோட முதுகு ஒட்டி நிக்கணும்” என்று காய்ந்த பூக்களை நீட்டினாள் வந்தவள்.

பூக்களைக் கண்ணாடி போன்ற ரெசினில் பதித்துத் தரும் கடைக்காரிக்குச் சுருக்கென்றது. “கோபத்துல சொல்லாதீங்கம்மா. ரெசின் இறுகிட்டா மாத்த முடியாது. ஒண்ணையொண்ணு முகம் பார்த்த மாதிரி வைக்கட்டுமா?”

“வேண்டவே வேண்டாம். பன்னிரண்டு வருஷமா எதிரும் புதிருமாத்தான் ஓட்டிக்கிட்டிருக்கோம்.”

வீட்டுக்கு வீடு வாசப்படி என்று நினைத்துக்கொண்டே கடைக்காரி இடுக்கியை எடுத்தாள். “எங்க வைக்கப் போறீங்க?”

“தையல் மேஜை நடுவுல. இந்தப் பக்கம் என் மெஷின், எதிர்ப்பக்கம் அவங்க மெஷின். நிமிர்ந்தா எனக்கு அவங்க பூ சிரிக்கணும், அவங்களுக்கு என் பூ. நீங்க சொல்ற மாதிரி வச்சா, ரெண்டு பேருக்கும் முதுகுதானே தெரியும்?”