யார் போட்ட ஃபைல்?

"யாரு பார்த்த வேலை இது? இப்பவே எனக்குத் தெரிஞ்சாகணும்!" கலோலைன் மேசையைத் தட்டினார்.

நேயாஃபு துறைமுகத்தின் வானொலி அறைக்கு அவர்தான் பொறுப்பு. காலையிலிருந்து, காற்றின் வேகத்தைக் காட்டும் காற்றுமானியின் அளவு கம்ப்யூட்டருக்கு வரவில்லை. அது தெரியாமல் தீவுப் படகை விட முடியாது. பயணிகள் வெளியே கத்திக்கொண்டிருந்தார்கள்.

கம்ப்யூட்டரைப் பழுது பார்க்க வந்த மனாசே திரையைக் காட்டினான்.

"காற்றுமானியைச் செருகின உடனே இந்த ஃபைல் அதைத் தன்னோட கருவின்னு நினைச்சுப் பிடிச்சுக்குதுக்கா. நான் போட்டதில்ல."

"லூசியா, நீயா?" கலோலைன் உதவியாளரிடம் கேட்டார்.

"எனக்குக் கம்ப்யூட்டரை ஆன் பண்ணவே ஆள் வேணும்க்கா!"

வானொலியில் படகுகளோடு பேசும் பெரியவர் பாசிலியோ மடியில் ஒரு பையோடு உட்கார்ந்திருந்தார். தேநீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போட்டது யாரா இருந்தாலும் வெள்ளிக்கிழமையோட வீட்டுக்குப் போகலாம்!" என்று சீறினார் கலோலைன்.

"இருங்கக்கா. ஃபைல் பேரைக் குடுத்தா, எந்த மென்பொருள் கூட வந்துச்சுன்னு இந்தக் கம்ப்யூட்டரை ஓட்டுற லினக்ஸே சொல்லிடும்."

மனாசே ஒரு வரி தட்டினான். பதிலும் ஒரே வரியில் வந்தது.

"கண்ணு தெரியாதவங்களுக்கான மென்பொருள்க்கா. திரையில இருக்கிற எழுத்தை ஒரு கருவி புள்ளிப்புள்ளியா எழுப்பிக் காட்டும். விரலால தடவிப் படிக்கலாம். ஆனா நம்ம ஆபீஸ்ல யாருக்கு…?"

கலோலைன் திரும்பினார். பாசிலியோவின் கை மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்திருந்தது. கொஞ்ச நாளாகவே திரையைப் படிக்க அவர் லூசியாவைக் கூப்பிடுவது கலோலைனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அடடா! அதுவா? நான்தான் போட்டேன். மறந்தே போச்சு," என்றார் கலோலைன்.

மனாசே விழித்தான். "அப்போ இவ்வளவு நேரம் யாரைத் திட்டினீங்க?"

"என்னையேதான். அதை அழிச்சிடாதே. காற்றுமானியை மட்டும் பிடிக்காத மாதிரி பண்ணிக் குடு."

"அது சுலபம்க்கா."

"அப்போ வெள்ளிக்கிழமை நீங்க வீட்டுக்குப் போறீங்களாக்கா?" லூசியா சிரித்தாள்.

"போறேன். திங்கட்கிழமை திரும்பி வர்றேன்."

சற்று நேரத்தில் காற்றின் அளவு திரையில் ஓடியது. பாசிலியோ வானொலியில் அனுமதி சொல்ல, படகு கிளம்பியது. மற்ற இருவரும் அதைப் பார்க்க வெளியே போனார்கள்.

கலோலைன் பாசிலியோவின் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணே, அந்தக் கருவியை ஏன் பைக்குள்ள ஒளிச்சு வைக்கிறீங்க? மேசை மேலயே வைங்க. யாராவது கேட்டா, கலோலைனோடதுன்னு சொல்லுங்க."